கையால் திருத்திய காலம்

"இரண்டு நிமிடம் முன்னே பின்னே இருந்தால் என்ன, குடியா முழுகிவிடும்?" என்று கேட்கிறவர்களை முன்னிட்டே இதை எழுதுகிறோம். குடி முழுகவில்லை. ஒரு மலரின் 36 பக்கங்கள் முழுகின.

2009ஆம் ஆண்டில் எங்கள் நண்பர் குழாம் ஒரு சிறப்பு மலர் கொண்டுவர முனைந்தது. மெய்ப்புத் திருத்தும் வேலை அம்பத்தூரில் நண்பர் ஒருவரின் வீட்டுக் கணினியில் நடந்தது. பக்க வடிவமைப்பு பூவிருந்தவல்லியில். இரண்டு ஊருக்கும் இடையே தூது போனது ஒரு பென் டிரைவ். ஒற்று மிகுமிடம், மிகாவிடம், பெயர்களில் றகர ரகரக் குழப்பம் என்று மூன்று இரவுகள் கண்விழித்துத் திருத்திச் சேமித்து அனுப்பினோம். வடிவமைத்தவர் பழைய கோப்புகளின் மேல் புதியவற்றைப் படியெடுக்கும்போது, இரண்டில் எது பிந்தியதோ அதை மட்டும் வைத்துக்கொள் என்று கணினிக்கு ஆணையிட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். இயந்திரம் ஆணைப்படியே நடந்துகொண்டது. நாங்கள் திருத்திய கோப்புகளின் நெற்றியில் 2002 ஜனவரி 1 என்று எழுதியிருந்தது. திருத்தாத கோப்புகளில் 2009. ஆகவே திருத்தாதவையே பிந்தியவை ஆயின. அவையே அச்சேறின.

அதன்பின் நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மெய்ப்புப் பார்த்தவர் பார்க்கவே இல்லை என்றார் ஒருவர். வடிவமைத்தவர் வேண்டுமென்றே செய்தார் என்றார் இன்னொருவர். இரண்டு பேர் இரண்டாண்டு பேசிக்கொள்ளவில்லை. அம்பத்தூர்க் கணினி நாள்தோறும் காலையில் 2002க்குத் திரும்பிப் போகிறது என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது என்பதுதான் இதில் உச்சம். 'அது அப்படித்தான் காட்டும்' என்று பழகிவிட்டார்கள். பழுது பார்க்க வந்தவர் வைரஸ் என்று சொல்லி, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவித் தந்து, பணமும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலை மறுபடி 2002. கணினியின் தாய்ப்பலகையில் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறியதாக, சிஆர்2032 என்று எண் பொறித்த ஒரு வெள்ளி வில்லை செத்துக் கிடந்தது. அதை மாற்ற ஆகும் செலவு ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆவது. அதற்குப் பதில் ஒரு வட்டையே துடைத்தெடுத்தார்கள். தலைவலிக்கு மொட்டையடித்த வைத்தியம்.

எங்கள் வழக்கு இரண்டு தரப்பின் மீது. கணினிக் கடிகாரம் பிழையாக ஓடினால் அதைக் கையால் தள்ளி வைத்துவிட்டு வேலையைத் தொடரும் நம் வழக்கத்தின் மீது ஒன்று. எந்த நோய்க்கும் அழித்து நிறுவுவதையே மருந்தாக எழுதித் தரும் தெருக்கோடி நிபுணத்துவத்தின் மீது இன்னொன்று. கடிகாரப் பிழை ஒரு குறி. எவ்வளவு பிழை, எப்போது நேர்கிறது என்று பார்த்தால் காரணத்தை அதுவே சொல்லும். கையால் திருத்துகிறவர் அந்தக் குறியை அழித்துவிடுகிறார்.

முதலில் அந்த வில்லையின் கதை. கணினி அணைந்திருக்கும்போதும் நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்க ஒரு சிறு கடிகாரச் சில்லு உண்டு. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை, கணினி அணைந்திருந்தாலும், அதன் மின்வழங்கி ஒரு சிறு ஓட்டத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். வில்லைக்கு வேலை குறைவு. இந்தக் கணக்கைப் போட்டவர்கள், இரவில் சுவரிலுள்ள சுவிட்சையும் அணைத்துவிட்டுப் படுக்கிற வீடுகளை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் அப்படி அணைக்காத வீடு எது? இடி, மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, மின்கட்டணம், அம்மாவின் கட்டளை என்று அதற்கு நியாயங்கள் உண்டு, நாங்களும் அணைக்கிறவர்களே. ஆனால் அணைத்த நொடியிலிருந்து அந்த வில்லை தனியாகப் பாரம் சுமக்கிறது என்பதை அறிந்து அணைக்க வேண்டும். அதன் கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. சில்லு உறிஞ்சுவது ஒருசில மைக்ரோ ஆம்பியர். ஐந்து மைக்ரோ ஆம்பியர் என்று வைத்தால், ஓயாமல் சுமந்தால் ஐந்தாண்டு. பழைய வில்லை, வெக்கை, தாய்ப்பலகையின் தூசும் கசிவும் என்று சேர்ந்தால் அதற்கும் குறைவு. 2008 முதல் சில ஆண்டுகள் நம்மை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய கணினிகளில் பல இப்படித்தான் இறந்த காலத்துக்குத் திரும்பின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து அம்பத்தூர்ப் பகுதி வெள்ளத்தில் நின்று மின்சாரம் திரும்பியபோது, எங்களில் இருவர் வீட்டுப் பழைய கணினிகள் மீண்டும் அதே கூத்தை ஆடின.

இந்தக் குறியை அறிவது எளிது. ஒவ்வொரு முறை சுவரில் அணைத்துப் போட்டதும் கணினி ஒரே பழைய தேதிக்குத் திரும்பினால் வில்லை, வேறெதுவும் இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதில் ஒரு கொடுமையும் சேர்ந்திருந்தது. நேரத்தை இணையத்திலிருந்து சரிசெய்துகொள்ளும் வசதி அதில் உண்டு. ஆனால் தேதியே மாறியிருந்தால், பாதுகாப்புக் கருதிச் சரிசெய்ய இயலாது, தேதியைத் திருத்திவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடும். நோய் முற்றியவரை உள்ளே விடாத மருத்துவமனை.

இனி, நாங்கள் மிகுதியும் கோபம் கொள்கிற இடத்துக்கு வருகிறோம்.

விண்டோஸை நிறுவும்போது ஊரைக் கேட்கும். கேட்கும் பெட்டியில் முன்னதாகவே அமெரிக்கப் பசிபிக் கரையின் நேரம் நின்றுகொண்டிருந்த காலம் உண்டு. நிறுவுகிறவர் அவசரக்காரர், அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போவார். கணினி வீட்டுக்கு வந்ததும் நேரம் பதின்மூன்றரை மணி பின்தங்கி நிற்கும். வீட்டுக்காரர் ஊரை மாற்றுவதில்லை, முள்ளை நகர்த்துகிறார். சுவர்க் கடிகாரத்தில் காலை 10 மணி, கணினியிலும் காலை 10 மணி. எல்லாம் நலம் என்று நினைக்கிறார். உள்ளே என்ன நடந்திருக்கிறது? கணினி தன்னை இன்னும் கலிபோர்னியாவில் இருப்பதாகவே எண்ணுகிறது. கலிபோர்னியாவில் காலை 10 என்றால் கிரீன்விச்சில் மாலை 6. மெய்யாகவோ அப்போது கிரீன்விச்சில் விடியற்காலை 4.30. ஆக, அந்த வீட்டிலிருந்து காலை 10 மணிக்குப் புறப்படும் மின்னஞ்சல், பெறுகிறவரின் பெட்டியில் அன்றிரவு 11.30க்கு எழுதியதாகப் போய் உட்காரும். காலையிலேயே இரவின் கடிதம். எங்களுக்கு அப்படிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. எது முதல் வடிவம், எது திருத்திய வடிவம் என்று குழம்பியிருக்கிறோம். அன்பர் ஒருவர், தம் கட்டுரையைப் பார்த்து இன்னொருவர் எழுதிவிட்டார் என்று தேதியை ஆதாரம் காட்டிச் சண்டைக்கு வந்தார். அந்தத் தேதி மெய்யாகவே பதின்மூன்றரை மணி நேரம் பொய்.

கதை அங்கு முடிவதில்லை. கணினி இணையத்தோடு சேர்ந்ததும் நேர வழங்கியைக் கேட்டுச் சரியான உலக நேரத்தைப் பெறுகிறது. தான் இருப்பதாக நம்பும் கலிபோர்னியாவுக்கு அதைப் பெயர்க்கிறது. காலை 10 மணிக்கு முந்தைய நாள் இரவு 8.30 என்று காட்டுகிறது. உடனே வீட்டில் கூக்குரல்: "இணையம் போட்டாலே நேரம் கெடுகிறது!" தீர்ப்பு எழுதப்படுகிறது. தானாகச் சரிசெய்யும் வசதி நிரந்தரமாக நீக்கப்படுகிறது. உண்மை பேசிய ஒரே சாட்சியை நாடு கடத்திவிட்டு, மறுபடி கையால் முள்ளைத் தள்ளுகிறார்கள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் கணினி தானாக ஒரு மணி நேரம் முன்னே குதிக்கும், நவம்பரில் பின்னே குதிக்கும். அமெரிக்கரின் கோடைக்கால நேரம் அது. அதற்கும் வைரஸ் என்றே பெயர் வைத்தார்கள். வேண்டியது என்ன? நேர வலயப் பட்டியலில் 5.30 என்ற எண்ணுக்கு எதிரே சென்னையின் பெயரே முதலில் நிற்கிறது. கொல்கத்தா, மும்பை, புது டில்லி எல்லாம் நமக்குப் பின்னால். அந்தப் பெருமைக்காகவாவது ஒரு முறை தேடியிருக்கலாம்.

பிழை சரியாக ஐந்தரை மணி நேரம் என்றால் கதை வேறு. ஒரே கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் அருகருகே வைத்திருக்கும் ஆர்வலர் வீடுகளில் இது வரும். லினக்ஸ், கடிகாரச் சில்லில் கிரீன்விச் நேரத்தை எழுதும் மரபுடையது. விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும் மரபுடையது. ஒருவர் எழுதியதை மற்றவர் தம் மரபில் படிக்கிறார். லினக்ஸில் வேலை முடித்து விண்டோஸுக்குள் போனால் ஐந்தரை மணி பின்னே. அங்கிருந்து திரும்பினால் ஐந்தரை மணி முன்னே. இருவரில் ஒருவரை மற்றவர் மரபுக்கு ஒப்புக்கொள்ளச் செய்தால் தீர்ந்தது. இரண்டிலுமே அதற்கு அமைப்பு உண்டு. இதற்கும் வில்லையை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

மெல்ல மெல்ல விலகும் கடிகாரம் மூன்றாம் வகை. சில்லின் உயிர் ஒரு குவார்ட்ஸ் படிகம்; நொடிக்கு 32,768 முறை அதிரும். அது இரண்டின் பதினைந்தாம் அடுக்கு. பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒன்று கிடைக்கும். செய்முறையிலேயே அதற்குப் பத்து லட்சத்தில் 20 பங்குவரை பிழை இருக்கலாம், நாளுக்கு 1.7 நொடி. 25 பாகை செல்சியஸைச் சுற்றித்தான் அது ஒழுங்காக ஓடும். வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் தாமதிக்கும். பட்டாபிராமில் சித்திரை வெயிலில் பெட்டிக்குள் 40 பாகை என்று வைத்தால், அதனால் மட்டும் நாளுக்கு முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும். எல்லாம் சேர்ந்தாலும் மாதத்துக்கு ஒரு நிமிடத்தைச் சுற்றியே வரும். ஆகவே இரண்டு மாதத்தில் இரண்டு நிமிடம் விலகும் கடிகாரம் பழுதானதன்று. அதைத் திருத்தும் சேவை உறங்குகிறது என்று பொருள். நாளுக்கு ஐந்து நிமிடம் விலகினால் படிகத்தைக் குறை சொல்லாதீர்கள். வில்லையையோ பலகையையோ பாருங்கள். எக்ஸ்பியில் இயல்பாக வாரத்துக்கு ஒருமுறைதான் சரிபார்க்கும். அந்த நேரத்தில் கணினி அணைந்திருந்தாலோ, இணையம் இல்லாவிட்டாலோ, தடுப்புச்சுவர் 123ஆம் வாயிலை அடைத்திருந்தாலோ சரிபார்ப்பு நடவாது. யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

அந்தச் சரிபார்ப்பு நடக்கும் விதம் அழகானது. டேவிட் மில்ஸ் 1985இல் முறைப்படுத்தி வெளியிட்டது. அவர் 2024 ஜனவரியில் மறைந்தார். கடிதம் அனுப்பி விடை பெறுவதுபோல்தான். நம் கணினி புறப்பட்ட நேரத்தைக் குறித்து அனுப்புகிறது. வழங்கி தான் பெற்ற நேரத்தையும் விடையனுப்பிய நேரத்தையும் குறித்துத் திருப்புகிறது. விடை கையில் கிடைத்த நேரத்தை நம் கணினி குறித்துக்கொள்கிறது. நான்கு குறிப்புகள். போக வர ஆன வழித்தாமதத்தைப் பிரித்தெடுத்துவிட்டால், இரு கடிகாரங்களின் வேறுபாடு மிஞ்சும். வழி இருபுறமும் ஒரே அளவு நேரம் எடுத்தது என்ற ஓர் அனுமானம் மட்டுமே இதில் உண்டு. மணிக்கூண்டைப் பார்த்துக் கையால் திருகுகிறவர் இதைவிட எத்தனை அனுமானங்களை விழுங்கியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

நேரத்தைப் பிறரிடம் கேட்டுச் சரிசெய்வது ஏதோ அயலார் தந்த புது வழக்கம் என்று நினைக்கிறவர்களுக்குச் சென்னையின் வரலாறே மறுமொழி. நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் எழுப்பிய வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். அங்கே கோல்டிங்காம் 1802இல் நிறுவிய சென்னை நேரம், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகள் ஓடியது அந்தச் சென்னை நேரத்தில்தான். கோட்டையில் இரவு 8 மணிக்குப் பீரங்கி முழங்கினால் ஊரார் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்வார்கள். 1906 ஜனவரி 1 முதல் ஐந்தரை மணி நேரம் பொது நேரமானது. சென்னை தன் சூரியனுக்கு ஒன்பது நிமிடம் முன்னால் வாழத் தொடங்கியது. (மெரினாவில் உதித்த சூரியன் ஆவடிக்கு வர ஏறக்குறைய முக்கால் நிமிடம் ஆகும் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம். ஆவடிக்காரர்கள் தாமதமாக வருவதற்கு அவ்வளவு நேரம் மன்னிக்கலாம், அதற்குமேல் இல்லை.) பீரங்கிக்குப் பின் எங்கள் பக்கத்தில் ஆலைச் சங்கு. சங்கு ஊதியதும் கைக்கடிகாரத்தைத் திருகும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவர்கள் ஒவ்வொரு நாளும் ஒத்திசைத்தார்கள். அந்தச் சொல் மட்டும்தான் அவர்களிடம் இல்லை.

அதே நுங்கம்பாக்கம் ஆய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867இல் ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தவர்; 1874இன் வெள்ளி இடைநகர்வு பற்றித் தமிழ் உட்படப் பல மொழிகளில் மக்களுக்கு விளக்க நூல் வரச் செய்தவர். அவர் தொடுத்த வழக்கும் எங்கள் வழக்கும் ஒன்றே என்று சொன்னால் மிகையாகாது. பழைய வாக்கியங்களை மனனம் செய்து, வானத்தை நிமிர்ந்து பாராமலே கணித்துக்கொண்டிருந்த பஞ்சாங்கத்தை, கண்ணால் கண்ட கோள் நிலைக்கு ஒத்துத் திருத்த வேண்டும் என்றார். வாக்கியப் பஞ்சாங்கம் தனியே ஓடும் கடிகாரம்; திருக்கணிதம் ஒத்திசைத்த கடிகாரம். ஓர் ஆண்டின் விலகல் அற்பம். நூற்றாண்டுகளின் விலகல் அற்பமன்று. சனிப்பெயர்ச்சியைத் திருக்கணிதம் 2023 ஜனவரி 17இல் நடத்தியது. வாக்கியத்தின்படி திருநள்ளாற்றில் அதே ஆண்டு டிசம்பர் 20இல் நடந்தது. பதினோரு மாதம். எந்தப் பஞ்சாங்கத்தை எவர் வணங்கலாம் என்பது எங்கள் பேச்சன்று. சிறு பிழையைச் சேரவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட அணுக்கமான சான்று தமிழனுக்குத் தேவையில்லை.

'வெளிநாட்டு நிறுவனத்தின் வழங்கியிடம் நேரம் யாசிப்பதா?' என்ற சுதேசிக் குரலும் எங்கள் காதில் விழுந்தது. யாசிக்க வேண்டாம். புது டில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசிய அணுக்கடிகாரங்களைக் கொண்டு இந்திய நேரத்தைப் பேணுகிறது. அதன் வழங்கியின் முகவரியை நம் கணினியில் எழுதிக்கொள்ளலாம். 2022 ஏப்ரல் 28 நாளிட்ட செர்ட்-இன் ஆணை, நிறுவனங்களும் தரவு மையங்களும் அரசு அமைப்புகளும் அந்த ஆய்வகத்தின் அல்லது தேசிய தகவலியல் மையத்தின் நேரத்தோடு ஒத்திசைய வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் இந்திய நேரத்தை அலுவல், வணிகங்களில் கட்டாயமாக்கும் வரைவு விதிகளும் வந்தன. நல்லதுதான். அந்த நேரத்தை நாடெங்கும் பரப்பத் தேர்ந்த ஐந்து மண்டல ஆய்வகங்கள் அகமதாபாத், பெங்களூரு, புவனேசுவரம், ஃபரிதாபாத், குவாஹாட்டி. இந்தியாவின் இருப்புப்பாதைக்கு ஒரு காலத்தில் நேரம் கொடுத்த ஊர் பட்டியலில் இல்லை. வீட்டுக் கணினிக்காரனும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நேரம் வெறும் எண் என்று இன்னும் எண்ணுகிறவர்கள் இலங்கையை நினைக்கட்டும். 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஆறரை மணிக்கு நகர்த்தினார்கள், அக்டோபரில் ஆறுக்கு, 2006 ஏப்ரலில் மீண்டும் ஐந்தரைக்கு. புலிகளின் ஆளுகையில் இருந்த பகுதிகள் அந்தப் பத்தாண்டும் பழைய ஐந்தரையிலேயே நின்றன. ஒரு சோதனைச் சாவடியைக் கடந்தால் கடிகாரம் மாறியது. 2006இல் அங்குள்ள கணினிகளுக்கு வலயக் கணக்கைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பிக்காதவர்கள் நம்மவர் போலவே முள்ளைத் தள்ளி வைத்தார்கள் என்றால், அவர்கள் அனுப்பிய கடிதங்களின் நேரத்தை இன்று எந்த ஆய்வாளர் நம்புவார்?

கைப்பேசி சரியாகத்தானே காட்டுகிறது, கணினி எப்படிப் போனால் என்ன என்பாரும் உண்டு. தேதி பிழைத்த கணினியில் வங்கித் தளம் திறக்காது. தளத்தின் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லை என்றோ காலாவதியானது என்றோ உலாவி கைவிரிக்கும். இந்தச் சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. 2029 மார்ச்சுக்குள் 47 நாளாகச் சுருக்கத் தீர்மானம் ஆகிவிட்டது. முப்பது நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறிலக்கக் கடவுச்சொல்லுக்கோ உங்கள் 'இரண்டு நிமிடம்' நான்கு யுகம். பென் டிரைவ் இன்னும் மோசம்: பழைய ஃபாட் முறையில் அது உள்ளூர் நேரத்தை மட்டும் எழுதும், எந்த ஊர் என்று எழுதாது. எங்கள் மலர் அப்படித்தான் முழுகியது.

ஐயமுள்ளவர்கள் எங்களோடு வழக்காட வேண்டாம். நீங்கள் கடைசியாக அனுப்பிய மின்னஞ்சலின் முழுத் தலைப்பைத் திறந்து, தேதி வரியின் கடைசியில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் பாருங்கள். அதில் கூட்டல் குறியோடு 0530 இருந்தால் நல்லது. கழித்தல் குறியோடு 0800 இருந்தால், எங்களுக்கு அடுத்த கட்டுரையை அனுப்புவதற்குமுன் ஊரை மாற்றிவிட்டு அனுப்புங்கள்.